விற்பனைக்கு ஒரு 1989 டவுன் கார்: கராஜில் ஏழு வாரம்

“ரொம்ப நன்றாக வைத்திருந்த வண்டி என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், போதும்” என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கணவர் காலமாகி மூன்று வருடம். அவருடைய 1989 லிங்கன் டவுன் கார் அன்றிலிருந்து கராஜில் ஒரு பழைய போர்வைக்கு அடியில் நிற்கிறது. அதை விற்க விளம்பரம் எழுதித் தர முடியுமா என்று கேட்டுத்தான் வந்திருந்தார். ஒரு வரி எழுதப் போன நான் ஏழு வாரம் சனி, ஞாயிறெல்லாம் அந்தக் கராஜிலேயே கிடந்தேன்.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு வடமேற்கே உள்ள நோவை என்ற ஊரில். பக்கத்து ஊர் விக்சம். 1957 முதல் 2007 வரை அங்கே ஓடிய ஆலையில் ஃபோர்டு கம்பெனியின் லிங்கன் வண்டிகள் உருவாயின. இந்த வண்டியும் அங்கே பிறந்ததுதான். பிறந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே வாழ்க்கைப்பட்டுப் போன பெண் மாதிரி, இத்தனை வருடமும் இங்கேயே இருந்திருக்கிறது.

வண்டியைப் பார்க்காதவர்களுக்கு: பதினெட்டே கால் அடி நீளம். பெட்டி மேல் பெட்டி வைத்தது போன்ற உருவம். கூரையில் வினைல், பானட் நுனியில் நட்சத்திரச் சின்னம், உள்ளே பொத்தான் வைத்துத் தைத்த சோபா போன்ற இருக்கைகள். ஃபோர்டு கிரவுன் விக்டோரியா, மெர்குரி கிராண்ட் மார்க்கி இரண்டுக்கும் உடன்பிறப்பு. லாரி மாதிரி தனி சேஸி, அதன் மேல் பாடி. 5 லிட்டர் வி8 இன்ஜின், அத்தனை பெரிய இன்ஜினுக்கு 150 குதிரைத்திறன்தான். நாலு கியர் ஆட்டோமேட்டிக். 1990-ல் உருவத்தை வழவழவென்று மாற்றி ஏர்பேக் வைத்துவிட்டார்கள். ஆக, பெட்டி உருவத்துக்கு 1989 கடைசி வருடம். இந்த வண்டிக்கென்றே அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் மெக்கானிக் இல்லை. வேலை கார் உதிரிபாகக் கம்பெனியில்தான், ஆனால் கம்ப்யூட்டர் முன்னால். ஸ்பேனர் பிடிப்பது பொழுதுபோக்கு. கீழே உள்ளவற்றை அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

போர்வையை எடுத்ததும் உண்மையிலேயே அசந்துபோனேன். கருநீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. மீட்டரில் 41,000 மைல். கிளவ் பாக்ஸில் ஒரு கோடு போட்ட நோட்டு. தாத்தா கணக்கு வாத்தியார். போட்ட பெட்ரோல், ஓடிய மைல், மாற்றிய பெல்ட் எல்லாம் தேதியோடு, நிறுத்தி எழுதிய கையெழுத்தில். ஆயில் மாற்றிய ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ஒரு வட்டம் போட்டு உள்ளே 2 என்று எழுதியிருந்தார். அது என்னவென்று அன்றைக்குப் புரியவில்லை.

டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். மிச்சிகனில் பழைய கார் பார்க்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது, அதனால் உப்புக்குப் பஞ்சமே இல்லை. பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் ஓடிய வண்டியில் பிரேக் பைப், பெட்ரோல் பைப், சேஸி எல்லாம் பொரிந்து கையோடு வரும். இதில் சேஸியின் கறுப்புப் பெயின்டே போகவில்லை. நவம்பரில் நிறுத்தினால் ஏப்ரலில்தான் எடுப்பாராம். வினைல் கூரையின் ஓரங்களை, பின் கண்ணாடியைச் சுற்றி, விரல் நுனியால் அழுத்திப் பார்த்தேன். அடியில் துரு இருந்தால் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் வரும். வரவில்லை.

அப்போது நானும் பாட்டி கட்சிதான். ஒரு வரி போதும், கழுவித் துடைத்துப் படம் எடுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பானட்டைத் திறந்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது.

ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் இரண்டு கைப்பிடி அளவு ஓக் மரக் கொட்டைகள். ஃபில்டரைக் கடித்துப் பஞ்சாக்கி, எலி அதன் மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. பிளக் ஒயர் எட்டில் ஐந்தைக் கொறித்திருந்தது. வேக்குவம் ஹோஸ் ஒன்று பாதியில் காணோம். டயர்களில் பட்டன் எல்லாம் புதுசு போல ஆழமாக இருந்தன, ஆனால் பக்கவாட்டு எண் 2309 என்று முடிந்தது. 2009-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பதினைந்து வருடம் தாண்டிய ரப்பர். வெள்ளை வளையத்துக்குள் மயிரிழையாக வெடிப்புகள்.

பேட்டி எடுத்தால் இந்த வண்டி, “என்னை யாரும் கெடுக்கவில்லை, உட்கார்ந்தே கெட்டேன்” என்றுதான் சொல்லியிருக்கும். ஓட்டாமல் வைத்திருப்பதைத்தான் நாம் ‘நன்றாக வைத்திருப்பது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெயின்டுக்கும் இருக்கைக்கும் அது சரி. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பெட்ரோலுக்கும் அது தெரியாது.

முதலில் ஆயில். மூன்று வருடம் நின்ற இன்ஜினைச் சாவி போட்டுச் சுழற்றக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, முன்னால் உள்ள கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி போட்டுக் கையாலேயே சுற்றினேன். அடம் பிடிக்காமல் சுற்றியது. அப்புறம் அடியில் படுத்துப் பழைய ஆயிலை இறக்கினேன். மூன்று லிட்டர் போல வந்து நின்றுவிட்டது. ஃபில்டரோடு சேர்த்து இந்த இன்ஜினுக்கு ஐந்து குவார்ட், அதாவது ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீதி எங்கே போனது?

அப்போதுதான் அந்த வட்டத்துக்குள் இருந்த 2 ஞாபகம் வந்தது. இந்த வண்டியில் ஆயில் பாத்திரம் நடுவில் மேடும் இரு பக்கம் பள்ளமுமாக இருக்கும். இரண்டு பள்ளத்துக்கும் தனித்தனி வடிகால் போல்ட். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்தால், மற்ற பள்ளத்துப் பழைய ஆயில் அங்கேயே கிடக்கும், புதுசு அதோடு கலக்கும். தாத்தா ஒவ்வொரு தடவையும் இரண்டையும் திறந்திருக்கிறார், திறந்ததை எழுதியும் வைத்திருக்கிறார். இரண்டாவது போல்ட்டைத் திறந்தேன். கறுப்பாக மீதி வந்தது.

புது ஆயில் ஊற்றி, புது பேட்டரி வைத்த பிறகு ஒரு சின்ன வித்தை. அந்தக் காலத்து ஃபோர்டு கம்ப்யூட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு: ஆக்சிலரேட்டரைத் தரை தொட மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், இன்ஜினில் பெட்ரோல் மிதந்துவிட்டது என்று எண்ணி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மூடிவிடும். அப்படிச் சில விநாடிகள் சுழற்றினால் இன்ஜின் பற்றாது, ஆயில் மட்டும் மேலே ஏறும். பிளக்கெல்லாம் வெளியே இருந்ததால் பாரமும் இல்லை. ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. இதுவரை எல்லாம் நல்லபடி.

அடுத்தது பழைய பெட்ரோல். டாங்கியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. இன்ஜின் மேல் உள்ள பெட்ரோல் பைப்பில் சைக்கிள் டியூப் வால்வு போல ஒன்று இருக்கும். அதில் ஹோஸ் மாட்டி, வண்டியின் பம்பையே ஓடவிட்டுக் கேன்களில் இறக்கலாம் என்று திட்டம். பம்ப் ஓடவில்லை. ரிலே பார்த்தேன், ஃப்யூஸ் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒயரோடு போராடினேன். பம்ப் செத்துவிட்டது, டாங்கியை இறக்க வேண்டும் என்று முடிவு கட்டி, பம்ப் விலை கூடப் பார்த்தாகிவிட்டது. இரவு சாப்பிடும்போது மனைவி, “அவங்க கார் கிடக்கட்டுங்க, நம்ம வண்டிக்கு ஆயில் மாத்தி எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா?” என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மறுநாள் டிக்கியைச் சுத்தம் செய்தபோது கார்பெட் ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் மேலே துருத்திக்கொண்டிருந்தது. விபத்தில் வண்டி மோதினால் பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்காக வைத்த சுவிட்ச் அது. பலமாக அடிபட்டாலும் எகிறிவிடும். தாத்தாவின் புத்தகப் பெட்டிகள் அத்தனையும் இந்த டிக்கியில்தான் இருந்தனவாம், போன வருடம் பேரன் வந்து இறக்கியிருக்கிறான். ஏதோ ஒரு பெட்டி அதில் முட்டியிருக்க வேண்டும். பொத்தானை அழுத்தினேன். டாங்கிக்குள் பம்ப் ‘ம்ம்ம்’ என்றது. ஒன்பது காலன் பழைய பெட்ரோலை இறக்கி, ஃபில்டரை மாற்றிப் புதுசு ஊற்றினேன்.

இனி நான் பண்ணிய கூத்து.

எலி கடித்த பிளக் ஒயர்களை எறிந்துவிட்டுப் புது செட் வாங்கினேன். பழசு எது எங்கே போனது என்று குறித்துவைக்கவில்லை, பாதி ஒயர் அந்தரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, இது உலகமறிந்த 5 லிட்டர் ஃபோர்டு இன்ஜின்தானே, ஃபோர்டின் ஸ்போர்ட்ஸ் காரான மஸ்டாங்கில் இருப்பதுதானே என்று மஸ்டாங்குக்கான படத்தைப் பார்த்து, பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்டினேன். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-3-7-2-6-5-4-8. சாவியைத் திருப்பினால் வண்டி உடம்பெல்லாம் உதறி, பின்னால் படார் படார் என்று வெடித்தது. பாட்டி சமையலறை ஜன்னலைத் திறந்து பார்த்தார். கையை ஆட்டிச் சிரித்து வைத்தேன்.

டைமிங், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர் என்று ஒரு மணி நேரம் தேடிவிட்டுக் கடைசியில் நோட்டைப் புரட்டினேன். உள் அட்டையில் பென்சிலால்: 1-5-4-2-6-3-7-8. இரண்டு வரிசையையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 1, 2, 6, 8 நாலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. 5-ம் 3-ம் இடம் மாறியிருக்கின்றன, 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கின்றன. எட்டில் பாதி சரி, பாதி தப்பு. அதனால்தான் வண்டி ஒரேயடியாக மக்கர் பண்ணாமல், ஓடியும் ஓடாமலும் என்னை ஏமாற்றியது. மஸ்டாங்கில் வருவது அதிக சக்திக்காகச் செய்த வகை, அதன் கேம்ஷாஃப்ட் வேறு, சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசையும் வேறு. டவுன் காரில் இருப்பது சாது வகை, பழைய வரிசையிலேயே விட்டுவிட்டார்கள். இன்ஜினின் பெயரும் அளவும் ஒன்றாக இருக்கிறதே என்று நம்பிவிட்டேன்.

நாலு ஒயரை மாற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். பற்றிக்கொண்டது. வி8 இன்ஜின் நிதானமாக ஓடும்போது ஒரு சத்தம் வருமே, தூரத்தில் நெல் அரவை மில் ஓடுவது மாதிரி, அந்தச் சத்தம். பாட்டி இந்தத் தடவை ஜன்னலைத் திறக்கவில்லை, நேராகக் கராஜுக்கே வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்விட்டார்.

கம்ப்யூட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இப்போதைய வண்டி மாதிரி ஸ்கேனர் சொருகும் வேலை இதில் இல்லை. பானட்டுக்கு அடியில் உள்ள சோதனை இணைப்பில் ஒரு துண்டு ஒயரும், முள் வைத்த பழைய வோல்ட்மீட்டரும் மாட்டினால், முள் அசைவதை எண்ணிக் கோளாறு எண்ணைப் படிக்கலாம். மூன்று அசைவு, நிறுத்தம், மூன்று அசைவு: 33. புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு திறக்கவில்லை என்று அர்த்தம். எலி தின்ற அந்த வேக்குவம் ஹோஸ்தான். ஒரு அடி ஹோஸ் மாட்டிவிட்டு மறுபடி சோதித்தேன். ஒன்று, நிறுத்தம், ஒன்று. 11 என்றால் எல்லாம் சுகம்.

வண்டி ஓடுகிறது என்பதற்காகக் கியர் போட்டுத் தெருவுக்கு எடுத்துப் போயிருந்தால் வண்டியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். இதை இந்த வகை ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஏஓடி என்ற இந்தக் கியர்பாக்ஸுக்குள் எவ்வளவு ஆயில் அழுத்தம் வேண்டும் என்பதை ஒரு கேபிள் முடிவு செய்கிறது. அதன் ஒரு முனை ஆக்சிலரேட்டர் நெம்புகோலில், மறு முனை கியர்பாக்ஸில். கேபிளை நெம்புகோலோடு பிணைப்பது சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பிளாஸ்டிக் வளையம், புஷ் என்பார்கள். அது உதிர்ந்துவிட்டால் கேபிள் கழன்று தொங்கும். வண்டி அப்போதும் ஓடும், கியரும் மாறும், ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே அழுத்தம் போதாமல் கிளட்ச் தகடுகள் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும்.

விரலால் தொட்டேன். பிஸ்கட் மாதிரி உடைந்து கையில் வந்தது. அதற்கு உலோகத்தில் செய்த மாற்றுப் புஷ் பதினைந்து டாலர் சொச்சத்துக்குக் கிடைக்கிறது. அதை மாட்டினால் மட்டும் போதாது, அழுத்தத்தை அளந்து கேபிளைச் சரி செய்ய வேண்டும். கியர்பாக்ஸில் அதற்கென்று உள்ள துளையில் பிரஷர் கேஜ் மாட்டி, கேபிள் முனையில் பத்து மில்லிமீட்டர் கனத் துண்டு ஒன்றைச் செருகி, ஐடிலில் 35 பிஎஸ்ஐ காட்டும்வரை நகர்த்தினேன். கண்ணால் பார்த்து ‘இவ்வளவு இறுக்கம் போதும்’ என்று விடுகிற ஆட்கள் உண்டு. இந்த விஷயத்தில் நான் அந்தக் கட்சி இல்லை.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. பிரேக் ஆயில் தேநீர் நிறத்தில் இருந்தது, முழுக்க மாற்றினேன். முன் இடது சக்கரம் மிதித்தால் பிடித்தது, விட்டால் விடவில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தது. இரண்டு பக்கமும் மாற்றினேன். பின் டிரம்மில் ஒரு வீல் சிலிண்டர் கசிந்தது, அதையும் மாற்றினேன். வெள்ளை வளையம் வைத்த 15 அங்குல டயர் நாலுக்கு எழுநூறு டாலருக்கு மேல் போனது. பாட்டிக்கு அது கொஞ்சம் வலித்தது. “பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறதே?” என்றார். வெடிப்பை விரித்துக் காட்டினேன். செக் எழுதினார்.

கடைசி பெரிய வேலை பின் வலது ஜன்னல். பொத்தானை அழுத்தினால் கதவுக்குள் மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றும், கண்ணாடி மட்டும் அசையாது. இது அந்தக் காலத்து ஃபோர்டு வண்டிகளில் தெரிந்த நோய், மருந்தும் மலிவு.

கதவின் உள் அட்டையைக் கழற்றிக் காகிதத் தடுப்பை உரித்தால் மோட்டார் தெரியும், அதைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாம் தெரியாது. ஆனால் கதவுத் தகட்டில் சிறு குழிகள் இருக்கும். இங்கே ஓட்டை போட்டால் உன் போல்ட் கிடைக்கும் என்று தகடு அடித்தவர்கள் விட்டுவைத்த அடையாளம். அங்கே டிரில் பண்ணினால் ஸ்பேனர் நுழைய வழி கிடைக்கும். டிரில்லை ஆழமாக விட்டுவிடாதீர்கள், பின்னால் கண்ணாடி இருக்கலாம்.

அதைவிட முக்கியமான எச்சரிக்கை: கண்ணாடியைத் தூக்கும் கத்தரி போன்ற கைகளுக்கு ஒரு சுருள் ஸ்பிரிங் உண்டு. இதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தது மோட்டாரின் பல்தான். மோட்டாரை எடுத்த நொடியில் அந்தக் கை துள்ளும். விரல் நடுவில் இருந்தால் அவ்வளவுதான். கண்ணாடியை மேலேயே டேப் போட்டு ஒட்டி, கையைத் தகட்டோடு சேர்த்துப் பூட்டும் குறடால் இறுக்கிய பிறகுதான் கடைசி போல்ட்டைத் தொட்டேன்.

மோட்டாரைப் பெஞ்சில் வைத்துப் பல்சக்கரத்தின் மூடியைத் திறந்தேன். உள்ளே பழுப்பு நிறத்தில் தூள், வெல்லம் உடைத்த தட்டில் மிஞ்சும் பொடி மாதிரி. மூன்று பிளாஸ்டிக் உருளைகள் இருக்க வேண்டிய இடம் அது. மோட்டார் சுழற்றும் சக்கரத்துக்கும் கண்ணாடியைத் தூக்கும் பல்லுக்கும் நடுவே விசையைக் கடத்துவது அந்த மூன்றுதான். அவை பொடியாகிவிட்டதால் மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றியிருக்கிறது. பழைய கிரீஸையும் பொடியையும் வழித்துத் துடைத்து, புது உருளை மூன்றைக் கட்டை விரலால் அழுத்தினேன். டக், டக், டக். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை. மூன்றும் சேர்ந்து பத்து டாலருக்குள். அந்த இடத்தில் இரும்பு நட்டைப் போட்டு ‘ஆயுசுக்கும் கவலையில்லை’ என்பவர்களும் உண்டு. கண்ணாடி எங்காவது சிக்கினால் பிளாஸ்டிக் நசுங்கும், பல் தப்பிக்கும். இரும்பு நசுங்காது, பல்தான் உடையும். நான் பிளாஸ்டிக்கையே போட்டேன்.

சில வேலைகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கூரையின் உள் துணி பின் இருக்கைக்கு மேல் வயிறு தள்ளித் தொங்குகிறது. துணிக்குப் பின்னால் உள்ள நுரை மக்கிவிட்டது, புதுத் துணி ஒட்ட வேண்டும். என் கையால் ஒட்டினால் சுருக்கம் விழும், வாங்குபவர் நல்ல ஆளிடம் கொடுத்துக்கொள்ளட்டும். ஏசி காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. இதில் உள்ளது ஆர்-12 வாயு. ஓசோன் படலத்துக்காக அமெரிக்காவில் 1995 முடிவோடு அதன் தயாரிப்பே நின்றுவிட்டது. மிச்ச இருப்பை வாங்கக்கூடச் சான்றிதழ் வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ-வுக்கு மாற்றுவதா, பழசையே தேடிப் பிடிப்பதா என்பதில் இந்த வண்டிக்காரர்களுக்குள் சண்டையே நடக்கும். நான் அதில் தலையிடவில்லை.

அப்புறம் ஓட்டுநர் கதவில் ஐந்து பொத்தான்கள். சாவி இல்லாமல் எண் அழுத்திக் கதவு திறக்கும் வசதி, 1980-லேயே ஃபோர்டு கொண்டுவந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு இலக்கம். ஐந்து இலக்க ரகசிய எண் டிக்கி கீலில் ஒட்டியிருக்கும் என்று தேடினேன். பசைத் தடம் மட்டும் இருந்தது. நோட்டிலும் இல்லை. பாட்டியிடம் கேட்டேன். “நம்பரெல்லாம் அவர் வேலை, எனக்குத் தெரியாது” என்றார்.

ஏழாவது வாரம் விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். பாட்டியின் ஒரு வரி முதல் வரியாகவே இருந்தது. அதற்குக் கீழே ஓடிய மைல், உப்புப் படாத சேஸி, நோட்டு இருக்கும் விவரம், மாற்றியவற்றின் பட்டியல். அதற்கும் கீழே, ‘சரியில்லாதவை’ என்று தனியாக: கூரைத் துணி, ஏசி, பின் பம்பரில் விரல் நீளக் கீறல், கதவு எண் தெரியாது. “குறையை நாமே எழுதினால் விலை குறைப்பார்களே?” என்றார் பாட்டி. “வந்து பார்த்துக் கண்டுபிடித்தால் இன்னும் குறைப்பார்கள்” என்றேன். நாற்பது படம் போட்டேன். அதில் பன்னிரண்டு வண்டியின் அடிப்பக்கம். 8,500 டாலர் என்று விலை வைத்தோம்.

முதல் இரண்டு நாள் வந்தது எல்லாம் குப்பை. வண்டியையே பார்க்காமல் மூவாயிரத்துக்குக் கேட்டவர் நாலு பேர். உங்கள் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்லுங்கள், நீங்கள் நிஜ ஆள்தானா என்று பார்க்க என்று ஆரம்பித்தவர் இரண்டு பேர். அது மோசடி, அந்த எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் நானே பதில் எழுதினேன், பாட்டியின் போன் எண்ணை எங்கும் போடவில்லை.

ஐந்தாவது நாள் ஒருவர் ஒஹாயோவிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தார். அறுபது வயது இருக்கும். பெயின்டைப் பார்க்கவேயில்லை. நேராக டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கி, அதன் அடியில் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவினார். முன் கார்பெட்டின் மூலையை முகர்ந்தார். அப்புறம் பானட்டைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிள் பக்கம் குனிந்து, புது உலோகப் புஷ்ஷைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “அழுத்தம் அளந்தீர்களா?” என்றார். அளந்த கேஜின் படத்தைப் போனில் காட்டினேன். நோட்டைக் கையில் கொடுத்தேன். நாலு பக்கம் புரட்டியவர் வட்டத்துக்குள் இருந்த 2-ஐப் பார்த்துச் சிரித்தார். எனக்கு விளக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

இருபது மைல் ஓட்டிப் பார்த்தோம். நெடுஞ்சாலையில் அறுபத்தைந்தில் போகும்போது வண்டிக்குள் பேச்சுக் குரலை உயர்த்தவே வேண்டியிருக்கவில்லை. கூரைத் துணிக்கும் ஏசிக்கும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். 7,800-க்கு முடிந்தது. வங்கிக்குப் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியின் உரிமைப் பத்திரத்தில் பாட்டி கையெழுத்துப் போட்டார்.

சாவி கைமாறிவிட்டது. அவர் நம்பர் பிளேட் விஷயமாக என்னோடு பேசிக்கொண்டிருந்தார், வண்டி பூட்டியிருந்தது. பாட்டிக்கு ஏதோ ஞாபகம் வந்தது, முன் இருக்கைக்கு மேலே உள்ள வெயில் தடுப்பில் தன் குளிர்க் கண்ணாடியைச் செருகி வைத்திருந்தாராம். எங்களிடம் சாவி கேட்கவில்லை. நடந்துபோய்க் கதவருகே நின்று, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டே மற்ற கையால் பொத்தான்களைப் படபடவென்று அழுத்தினார். ‘டக்’ என்று கதவு திறந்தது.

மூன்று பேரும் ஒரு நிமிடம் அப்படியே நின்றோம். “நம்பர் தெரியாது என்றீர்களே?” என்றேன். “தெரியாதுதான்” என்றார் பாட்டி, தன் விரலையே பார்த்துக்கொண்டு.

வாங்கியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இன்னொரு தடவை, மெதுவாக அழுத்திக் காட்டச் சொன்னார். மெதுவாக அழுத்தினால் பாட்டிக்கு வரவில்லை. மறுபடி வேகமாகத்தான் அழுத்தினார். மூன்றாவது தடவையில் ஐந்து பொத்தானையும் நோட்டின் உள் அட்டையில், அந்த 1-5-4-2-6-3-7-8-க்குக் கீழே எழுதிக்கொண்டார். பிறகு அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த என் விளம்பரத்தை விரித்து, ‘கதவு எண் தெரியாது’ என்ற வரியை அடித்துவிட்டார்.